நுரை கட்டாத தண்ணீர்

பெண் கொடுக்க வந்தவர் எங்கள் வீட்டில் முதலில் கேட்டது தண்ணீர்தான். காப்பி அப்புறம் ஆகட்டும், ஒரு செம்பு தண்ணி குடுங்க என்றார். அப்போது நாங்கள் ஓசூர் ஊருக்குள்ளே வாடகைக்கு இருந்தோம். ஒரே வரிசையாகக் கட்டின வீடுகள், வாசலுக்கு ஒரு குழாய். காலையில் பிடித்து வைத்த குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன். அவர் நின்றபடியே அண்ணாந்து பாதி குடித்தார். நிறுத்தினார். மீதியையும் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மதினி, இது குழாத் தண்ணியா?"

"குழாத் தண்ணிதாங்க."

"வெலைக்கு வாங்குனது இல்லயே?"

"வாசல்லயே வருதுங்க" என்றேன். புது மனிதர்கள் முன்னால் எப்போதுமே எனக்கு வாய் எழும்பாது.

அவருடைய மகனும் என் மகனும் ஒரே கம்பெனியில் ஒரே ஷிப்டில் வேலை செய்தவர்கள். அந்தப் பையனின் தங்கைதான் பெண். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர் அவர்களுக்கு. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. வெயிலிலும் உப்பிலும் நின்று நின்று காலெல்லாம் வெடித்து, பாளம் பாளமாக இருந்தது. அந்தக் காலோடு அவர் வாசலுக்குப் போய், குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி இன்னொரு தரம் குடித்துப் பார்த்தார்.

கூட வந்திருந்த அவர் மகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "யப்பா, பொண்ணு குடுக்க வந்தியளா, தண்ணி பாக்க வந்தியளா?" என்றான்.

"நீ சும்மா கெடல. மாப்பிள்ளையப் பத்தி ஒங்கிட்ட விசாரிச்சாச்சு. தண்ணியப் பத்தி யாருகிட்ட விசாரிக்க?"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஊர்லயும் குழா இருக்கு மதினி. தொறந்தா உப்பு. பாத்திரம் கழுவலாம், அவ்வளவுதான். குடிக்க, பருப்பு வேகவைக்க எல்லாத்துக்கும் லாரி வரணும். பொண்ணோட அம்மை கல்யாணம் ஆயி வந்தன்னைக்குத் தூக்குன கொடத்த இன்னும் எறக்கல. எம் பொண்ணாவது தூக்காம இருக்கட்டும்."

வேறொன்றும் அவர் எங்களிடம் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் சம்பளத்தைக்கூட விசாரிக்கவில்லை. அந்த ஒன்றைத்தான் எங்களால் செய்து கொடுக்க முடியாமல் போயிற்று. மருமகள் என்னோடு ஒரே வீட்டில் இருப்பாளா, இல்லையா என்பது கடைசியில் தண்ணீரில்தான் வந்து நின்றது.

கல்யாணம் ஆகி வந்த புதிதில் அவள் துணி துவைப்பதைப் பார்க்க வேண்டும். கல்லின்மேல் துணியைப் போட்டு, சோப்பை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், நுரை பொங்கிக்கொண்டு வரும். அவள் கைகளை முழங்கை வரைக்கும் அதற்குள் விட்டுக்கொண்டு, "அத்தே, இங்கன வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுவாள். நானும் போய்ப் பார்ப்பேன். சோப்பு நுரையில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் நின்று பார்ப்பேன்.

"எங்க ஊர்ல சோப்பத் தேச்சா சோப்புதான் கரையும் அத்தே. பாலு திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியாத் துணியில ஒட்டிக்கிடும். தலைக்குக் குளிச்சா சீப்பு எறங்காது."

பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். "உங்க மருமவ துணி தொவைக்கறாளா, வெளையாடறாளா?" என்பார்கள். அவளே பதில் சொல்லிவிடுவாள்: "ரெண்டும்தான் அக்கா. ஒங்களுக்கு வேணும்னா நீங்களும் வாங்க."

என் வீட்டுக்காரர் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது. மகன் ஷிப்டு முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான். நானும் அவனும் பேசிக்கொண்டதெல்லாம் குழம்பு இருக்குதா, இருக்குது என்கிற அளவுதான். அவள் வந்த பிறகு வீட்டில் நாள் முழுக்கப் பேச்சுக் குரல் கேட்டது. அவள் பேசுவாள், நான் கேட்பேன். கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள், குளித்துக்கொண்டே உள்ளிருந்து பேசுவாள். நான் பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "கேக்கியளா அத்தே?" என்று மட்டும் நடுவில் கேட்பாள். "ம்" என்பேன். அது அவளுக்குப் போதும்.

பிறகு மகனுக்குச் சொந்த வீட்டு ஆசை வந்தது. கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் பாகலூர் ரோட்டுப் பக்கம் சைட் வாங்குகிறார்கள் என்று அவனும் ஒன்றைப் பார்த்து வாங்கினான். ராகி விளைந்த நிலத்தில் கல் நட்டு லேஅவுட் போட்டிருந்தார்கள். எங்கள் சைட்டுக்குப் பக்கத்தில் இன்னும் விற்காத ஒரு துண்டு நிலத்தில், தெலுங்கு பேசுகிற ஒரு அம்மாள் ரோஜா போட்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். பூவைப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புவாள். செடிகளுக்கு ஊற்ற அவளிடம் ஒரு பழைய கிணறு இருந்தது.

லேஅவுட்டுக்குக் குழாய் இல்லை. தூரத்து ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வரும் என்றார்கள். அதுவரைக்கும் போர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போர் போட்ட அன்றைக்கு நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து பார்க்கிறவர் ஒருவர் வந்து இடம் காட்டினார். காலையில் போர் வண்டி வந்து தோண்ட ஆரம்பித்தது. பாறைத் தூள் வெள்ளை வெள்ளையாகப் பறந்து எங்கள் எல்லோர் தலையிலும் படிந்தது. பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மகன் குழந்தையைப் போலக் கைதட்டினான்.

போரில் தண்ணீர் வந்தால் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, கூடியிருக்கிறவர்களுக்கெல்லாம் வெல்லமும் பொட்டுக்கடலையும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு, தெளிந்து வருகிற தண்ணீரை ஒரு கை வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு நல்ல தண்ணீர் என்று வாயால் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் தட்டை எடுத்துப் போய் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

அவள் அப்படியே கொடுத்தாள். வண்டிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், ரோஜாத் தோட்டத்து அம்மாள் வாங்கிக்கொண்டாள், பக்கத்து சைட்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் குடித்தோம்.

"என்னா பெரிம்மா, எப்பிடி?" என்று வண்டிக்காரர் என்னைக் கேட்டார்.

"இனிக்குதுங்க" என்றேன். பொய் இல்லை. இனிக்கத்தான் செய்தது. "தேனுங்க, தேனு" என்றார் பக்கத்து சைட்காரர்.

கடைசியாக மருமகள் குடித்தாள். தட்டு காலியாகிவிட்டது, அவளுக்கு என்று வெல்லம் மிஞ்சவில்லை. வெறும் வாயோடு குடித்தாள். முகம் சுருங்கியது. "கடுக்கு அத்தே" என்றாள்.

வண்டிக்காரர் காதில் விழுந்துவிட்டது. "மருமவளுக்கு எந்த ஊருங்க?" என்றார். மகன் சொன்னான்.

"கடலோரமா? அதாங்க, நாக்குலயே உப்பு ஒட்டிகினு இருக்குது. நல்ல தண்ணி பட்டா கடுக்காம என்னா பண்ணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அவளுக்கே தன் நாக்கின்மேல் சந்தேகம் வந்திருக்கும்.

மறுநாள் நாங்களும் வெல்லம் இல்லாமல், வெறும் வாயோடு போய் ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்போது அஸ்திவாரம்கூடப் போடவில்லை. சைட்டை வேறு யாருக்காவது கைமாற்றிவிட்டு, குழாய் உள்ள இடமாகப் பார்த்திருக்கலாம். ஆனால் யாருக்குத் தோன்றும்? தண்ணீர் வராமல் வெறும் புகையாகப் போன போர்களை எத்தனையோ பார்த்தவர்கள் நாங்கள். வந்ததே போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டோம்.

வீடு கட்டி, பால் காய்ச்சிக் குடி வந்தோம். முதல் நாள் சாம்பாரில் பருப்பு அப்படியே நின்றது. பருப்பு பழசு போல என்று வேறு கடையில் வாங்கினேன். அதுவும் வேகவில்லை. டீ போட்டால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஏடு மிதந்தது. தண்ணீர் சூடாக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, தேய்த்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி பெயர்ந்து வந்தது. பாத்ரூம் ஹீட்டர் கெட்டுப்போய்த் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த கம்பி கல்லுக்குள் புதைந்தது போல இருந்தது. மகனுடைய கம்பெனி சட்டை துவைத்துக் காயப்போட்டால் அட்டை மாதிரி நின்றது.

குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டோம், சமையலுக்கும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. குளிக்க, துவைக்க என்ன செய்வது? நான் கிழவி, எனக்கு முடி போனால் என்ன, தோல் வறண்டால் என்ன. அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து சிக்கெடுப்பாள். முடி கையோடு வரும். அதை விரலில் சுற்றி உருண்டையாக்கி, நான் பார்ப்பதற்குள் வெளியே எறிந்துவிடுவாள். வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. சொந்த வீடு என்று ஆசை ஆசையாகக் கட்டியிருக்கிறான், அவனிடம் எப்படிச் சொல்வது என்று இருந்திருப்பாள். அவளுடைய பேச்சு குறைந்துபோனதுதான் எனக்குத் தெரிந்தது. "கேக்கியளா அத்தே" என்று அவள் கேட்பது நின்றுபோயிற்று.

ரோஜாத் தோட்டத்து அம்மாள் நல்லவள். பருப்பு வேகாத கதையைக் கேட்டுவிட்டு, "நா கெணத்து நீள்ளு எடுத்துக்கோ அக்கா, பப்புக்கு மட்டும்" என்று தினம் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தாள். கிணற்றில் ஊறுவது மேல்மண் தண்ணீர், போரின் பாறைத் தண்ணீர் அளவுக்குக் கடுக்காது. அவள் செடிகளுக்கே கொஞ்சமாகத்தான் ஊறும், அதிலும் எங்களுக்குக் கொடுத்தாள். வேலியோரம் நின்று மருமகளைச் சிரிக்க வைப்பாள். "கெலவரப்பள்ளி டேமுக்குப் போயி பாரும்மா. கம்பெனிக் கழிவு கலந்து, ஆறே சோப்பு போட்டுக் குளிக்கிற மாதிரி நொர பொங்குது. நம்ம வீட்ல சோப்பு போட்டா நொர வரமாட்டேங்குது. எல்லா நொரயும் அங்க போயிடுச்சு" என்பாள். மருமகள் சிரிப்பாள். பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பாள்.

கடைசியில் மகனுக்கே பொறுக்கவில்லை. தண்ணீரின் கடுப்பை எடுக்கிற சாஃப்ட்னர் மிஷின் என்று ஒன்றை வாங்கி மோட்டார் பக்கத்தில் மாட்டினான். ஆள் வந்து பொருத்திவிட்டு, அதன் பக்கத்துத் தொட்டியில் உப்புக் கொட்ட வேண்டும் என்றார். அந்த உப்புத் தண்ணீர்தான் மிஷினை அடிக்கடி கழுவி விடுமாம், அப்போதுதான் நமக்கு நல்ல தண்ணீர் வருமாம். உப்பு மூட்டை வந்தது. அதன்மேல் தூத்துக்குடி என்று அச்சடித்திருந்தது.

மருமகள் அதைப் படித்துவிட்டு வெகு நேரம் சிரித்தாள். "உப்பு வேண்டாம்னு இம்புட்டுத் தூரம் ஓடியாந்தேன் அத்தே. அது என்னைத் தேடி பஸ் ஏறி வந்திருக்கு பாருங்க" என்றாள். தானே மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினாள்.

தண்ணீர் மாறத்தான் செய்தது. சோப்பு மறுபடியும் நுரைத்தது. அவள் முன்போல நாள் முழுக்கப் பேசினாள். நான் முன்போல "ம்" போட்டுக்கொண்டிருந்தேன். இனி ஒன்றும் பயம் இல்லை என்று நினைத்தேன்.

மிஷினைக் கழுவின உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று நாங்கள் பார்க்கவில்லை. லேஅவுட்டில் சாக்கடை கட்டவில்லை. குழாய் வழியாக வெளியே வந்து, சரிவில் ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. ஒரு நாள் காலையில் ரோஜாத் தோட்டத்து அம்மாள் கையில் கருகின கிளையோடு எங்கள் வாசலில் நின்றாள்.

"நா உனக்கு நீள்ளு குடுத்தன். நீ எனக்கு உப்பு குடுக்கிறியா?"

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன்தான், "அது மிஷின்லேர்ந்து வருதுங்க, வேணும்னு பண்லீங்க, வேற பக்கம் திருப்பிவிட்றங்க" என்றான். "எந்தப் பக்கம் திருப்புவ? என் பக்கம் இல்லன்னா இன்னொருத்தன் பக்கம்" என்றாள் அவள். அது உண்மைதான்.

மருமகள் வேலியைத் தாண்டிப் போனாள். வேலியோரத்துச் செடிகள் வரிசையாக வாடி நின்றன. குனிந்து மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து மகனிடம், "மிஷின நிப்பாட்டுங்க" என்றாள்.

"அப்புறம் உனுக்கு?"

"எங்க ஊர்ல உப்பு எறங்குன மண்ணுல புல்லுகூட மொளைக்காது. நான் பாத்திருக்கேன். நிப்பாட்டுங்க."

நிறுத்திவிட்டோம். அந்த மிஷின் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, துணி காயப்போட உதவுகிறது. தோட்டத்து அம்மாள் அதன்பிறகு எங்களோடு பேசவில்லை. ஒரு குடம் தண்ணீரும் நின்றது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இதற்கு நடுவில் மருமகள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு, பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போக அவள் அப்பா வந்தார். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவர், வெளிக்குழாயில் கைகால் கழுவ சோப்பு கேட்டார். மருமகள் எடுத்துக்கொண்டு போனாள். நான் சமையல்கட்டு ஜன்னலில் இருந்து பார்த்தேன். அவர் சோப்பைத் தேய்த்தார். தண்ணீரைத் திறந்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார். பிறகு கையை நீட்டி, அதில் ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டிகளைப் பார்த்தபடி நின்றார். மகளுடைய பின்னலை ஒரு தரம் பார்த்தார். எலிவால் மாதிரி ஆகியிருந்தது.

சாப்பிடும்போது மகன்தான் பேச்சை எடுத்தான். "மெயின் ரோடு வரைக்கும் பைப் வந்துடுச்சு மாமா. கொழந்த பொறக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துரும்."

"வரட்டும் மாப்ள. வந்ததும் ஒரு வார்த்த சொல்லுங்க, நானே கொண்டாந்து விடுதேன்." கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

கை கழுவிவிட்டு சமையல்கட்டுப் பக்கம் வந்தார். "மதினி, கோவிச்சுக்கிடாதிய. போகப் போகப் பழகிரும்னு மட்டும் சொல்லாதிய. எங்க அம்மை எம் பொண்டாட்டிகிட்ட அதத்தான் சொன்னா" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

புறப்படும்போது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, குழா வந்தா நீங்கதான் எனக்குச் சொல்லணும். அவிய சொன்னா நம்ப மாட்டேன். அவியளுக்கு நான் வரணும், எதையாவது சொல்லிருவாவ. ஒங்களுக்குப் பொய் வராது."

எனக்கும் அவள் வரணும். அதை நான் சொல்லவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வழக்கப்படி ஐந்தாம் மாதம் தாயும் பிள்ளையும் இங்கே வர வேண்டும். அந்த மாதம் வந்தது, போயிற்று. மகன் தினமும் ஷிப்டு முடிந்து வந்ததும் தெருமுனை வரைக்கும் நடந்துபோய், பைப்புக்குத் தோண்டிய பள்ளத்தைப் பார்த்துவிட்டு வருவான். நீலக் குழாய்கள் ரோட்டோரம் கிடந்தன. பிறகு மண்ணுக்குள் போயின. ஒரு நாள் ஆட்கள் வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குழாயை நட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்குத் திறப்பார்கள், நாளைக்குத் திறப்பார்கள் என்று தெருவே காத்திருந்தது.

திறந்த அன்றைக்குக் காலையில் தெருவில் ஒரே கூச்சல். எல்லா வாசலிலும் குடங்கள். மகன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் சீறிக்கொண்டு வந்ததும் போனை எடுத்து வீடியோ போட்டுவிட்டான். "வந்துடுச்சு! பாரு, வந்துடுச்சு!" என்று குழாயைக் காட்டினான். போனுக்குள் மருமகள் தெரிந்தாள். மடியில் குழந்தை.

"அத்தைகிட்ட குடுங்க" என்றாள்.

மகன் போனை என் முன்னால் பிடித்தான்.

"அத்தே, நுரை வருதா?"

சோப்பு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வரும்போது வாசலுக்கு முன்னால் மகன் என்னை மறித்து, போனைத் தன் மார்போடு பொத்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்: "வருதுன்னு சொல்லும்மா. வந்துட்டான்னா அப்புறம் பாத்துக்கலாம்."

குழாயடியில் உட்கார்ந்தேன். கையை நனைத்து சோப்பைத் தேய்த்தேன். வரும், வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தேய்த்தேன். விரல்களுக்கு நடுவில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக வந்தது. இன்னும் தேய்த்தேன். அதே கட்டிதான். பிறகு தெரிந்தது, ஆற்றுத் தண்ணீர் வருகிறவரைக்கும் இருக்கட்டும் என்று இங்கேயே ஒரு போர் போட்டு, அதை மேல்தொட்டிக்கு ஏற்றித் திறந்துவிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பாறைத் தண்ணீரேதான், தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தது.

மகன் போனைத் திருப்பி என் பக்கம் காட்டினான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போனுக்குள் குழந்தை கையை வாயில் போட்டுக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்தது. ஒரு வார்த்தை சொன்னால் அது இங்கே வந்துவிடும். நான் கையை விரித்துக் காட்டினேன்.

"வரலம்மா. நம்ம போர்த் தண்ணி மாதிரிதான் இருக்குது."

அவள் குழந்தையின் கையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "சரி அத்தே" என்றாள். அப்புறம், "சாப்பிட்டியளா?" என்று கேட்டாள்.

மகன் அதற்குப் பிறகு சில நாட்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு தரம் மட்டும், "லேஅவுட்ல எல்லாரும் இந்தத் தண்ணிலதான இருக்கறாங்க" என்றான். எல்லாரும் இருக்கிறார்கள்தான். நானும் இருக்கிறேன். பொய் சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள். வந்த அன்றைக்கே குழந்தையைக் குளிப்பாட்டும்போது தெரிந்திருக்கும். அதன்பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டிருக்க மாட்டாள். இப்படியெல்லாம் நினைத்து மனசை ஆற்றிக்கொள்வேன். ஆனாலும் அந்த ஒரு நாளாவது குழந்தை இங்கே இருந்திருக்குமே என்றும் தோன்றும்.

மகன் ஊருக்குள் ஒரு மாடிவீட்டைப் பார்த்து வாடகைக்கு எடுத்தான். முன்பு நாங்கள் இருந்த தெருவுக்கு அடுத்த தெருதான். வாசலுக்கு நல்ல குழாய் வருகிறது. சம்பந்தி சொன்னபடியே தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து விட்டார். அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. இவர்கள் மூன்று பேருக்கு அந்த வீடு சரியாக இருக்கிறது. படி செங்குத்து, என் முட்டி ஏறாது. அதோடு இந்த வீட்டைப் பூட்டிப் போட முடியாது. லேஅவுட்டில் பூட்டின வீடு என்றால் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் நான் இங்கே இருக்கிறேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான் அத்தே. ஆத்துத் தண்ணி வந்துட்டா நாங்க இங்கன வந்துருவோம்" என்று மருமகள் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். எனக்குப் பருப்பு வேகவைக்க ஊருக்குள்ளிருந்து ஒரு கேன் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறாள். வண்டியில் கேனைக் கால்களுக்கு நடுவில் வைத்து, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வருகிறாள். குடம் தூக்கக் கூடாது என்று நினைத்தாரே அவள் அப்பா, அவருக்கு இது தெரியாது. இதெல்லாம் வேண்டாம், நான் விலைக்கு வாங்குகிற கேன் தண்ணீரிலேயே வேகவைத்துக்கொள்கிறேன் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். சமையல்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்கிறாள். "கேக்கியளா அத்தே" என்கிறாள். ஒரு வாரத்துப் பேச்சை ஒரு மதியத்தில் கேட்க வேண்டியிருக்கிறது, பாதி எனக்கு நிற்பதில்லை.

குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. தரையெல்லாம் தவழ்ந்து, என் மடியில் ஏறி, கம்மலைப் பிடித்து இழுக்கிறது. நாலு மணி ஆனால் மகன் வண்டிச் சாவியை எடுக்கிறான். குழந்தையைச் சாயங்காலம் குளிப்பாட்ட வேண்டும், அது அங்கேதான். இந்த வீட்டில் அது இன்னும் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை.

அவர்கள் போன பிறகு கூடத்தைப் பெருக்குவேன். கூரை போடும்போதே தொட்டில் கட்டுவதற்காக மகன் கொத்தனாரிடம் சொல்லி, நடுக்கூடத்தில் ஒரு இரும்புக் கொக்கி வைக்கச் செய்திருந்தான். நல்ல கனமான கொக்கி. அதில் வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டிருக்கிறேன். தரையில் வைத்தால் ஈரத்துக்கு அழுகிப்போகிறது.